மாட்டுக்காரன் பாட்டும் நான் வெட்டிய நான்கு வினாடியும்

ஒலி அமைப்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “அண்ணை, எந்த ஸ்பீக்கர் நல்லது?” காதுதான் நல்லது என்று சொல்வேன். கிழவனுக்கு விசர் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மாதமே ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி, அவற்றின் நடுவில் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். அனுப்புங்கள், பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு பாட்டால் நான் பட்ட பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

2009இல் பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு டெலிபோன் கடைக்கு மேலே ஓர் அறையை எடுத்து இந்தத் தொழிலைத் தொடங்கினேன். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் நிற்கவேண்டும். போன வருடம் என் முழங்கால் அந்தப் படிகளோடு கோபித்துக்கொண்டது. நானும் கடையைக் கட்டிவிட்டேன்.

நான் தொடங்கிய காலத்தில் ஒலி அமைப்பாளன் என்றால் சத்தம் போடத் தெரிந்தவன், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்குச் சத்தம் என்றால் மரியாதை. கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்துவிட்டால், “என்ன, இண்டைக்குச் சவுண்ட் சரியில்லை” என்பார்கள். எதுவும் விழாவிட்டால் “அந்தமாதிரி” என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். தட்டிக்கொண்டு என்ன சொன்னார்கள் என்பதும் கேட்காது.

நான் அதிலும் பெயர் எடுத்தவன். ஆனால் என் பெரிய பெயர் வெட்டுவதில். எங்கள் விழாக்களில் எந்தப் பாட்டும் முழுதாக ஓடியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெண் வாசலில் நிற்கும்போது ஒரு பாட்டின் தொடக்கம், பாதி வழியில் இன்னொன்றின் நடுப்பகுதி, மேடை ஏறும்போது மூன்றாவதன் முடிவு. மூன்றையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்கித் தருபவன்தான் கெட்டிக்காரன். என்னுடைய ஒட்டைக் கண்டுபிடித்தவர் இல்டெபிரான்ஸ் வட்டாரம் முழுவதிலும் எவரும் இல்லை. பாட்டு என்பது வெட்டுவதற்காகவே பிறந்த சாமான் என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடு இருந்த நாளில்தான் வதனி படியேறி வந்தார். பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் குடியிருந்தவர். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை உடுப்போடு வந்து, கைப்பையைக் கூடக் கழற்றாமல், ஒரு பழைய கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்தார்.

“அண்ணை, இதிலை ஒரு பாட்டு இருக்கு. கேட்டுச் சொல்லவேணும்.”

“என்ன பாட்டு?”

“இங்கிலீசுப் பாட்டு. அமெரிக்காவிலை மாடு மேய்க்கிற ஆக்கள் தொப்பி போட்டுக்கொண்டு பாடுவினமே, அந்த மாதிரி. கன்ட்ரி எண்டு சொல்லுறவை.”

“ஆருக்கு?”

“என்ரை மகளின்ரை சாமத்தியவீட்டுக்கு. என்ட்ரிக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அதற்கு முன் பல்லக்கில் வந்த பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டிருக்கிறேன், குதிரை வண்டியில் வந்த பிள்ளைக்கும் போட்டிருக்கிறேன். பூப்பு நீராட்டு விழாவில் மாட்டுக்காரன் பாட்டுக்கு ஒரு பிள்ளை சீலை உடுத்து நடந்து வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வதனி சிரிக்கவில்லை. நான் சிரித்து முடியும்வரை பொறுமையாக நின்றார். அதற்குப் பிறகு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மகளின் பெயர் ஆரணி. பதின்மூன்று வயது. அவளுடைய காது எங்களுடைய காதைப் போன்றதல்ல என்று வதனி சொன்னார். மிக்ஸி போட்டால் வீட்டின் மறு மூலைக்கு ஓடிவிடுவாள். மெத்ரோ ரயில் பிரேக் பிடிக்கும்போது நிலத்தில் குந்திவிடுவாள். கடைகளின் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா என்று வதனி முதலில் போய்ப் பார்த்து வந்தால்தான் அவள் உள்ளே போவாள். வெளியே போகும்போது பெரிய காதுறை ஒன்று எப்போதும் தலையில் இருக்கும். பேச்சும் குறைவு. பேசினால் பிரெஞ்சு, அதுவும் வீட்டாரோடு மட்டும். பிறத்தியாரோடு ஒரு சொல் கிடையாது.

“இந்தப் பாட்டை ரெண்டு வருசமாய் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். இது போட்டால் சீலை உடுத்து நடந்து வருவாளாம். வேறை பாட்டெண்டால் வரமாட்டாளாம். எழுதியே தந்திட்டாள்.”

“அப்ப பிறகென்ன பிள்ளை? அவள் கேக்கிற பாட்டுத்தானே?”

“அவள் கேக்கிறது தன்ரை அறைக்குள்ளை, இந்தச் சின்னப் போனிலை. மண்டபத்திலை, முந்நூறு பேருக்கு நடுவிலை, உங்கடை பெரிய பெட்டியளிலை கேட்டால் அவளுக்கு எப்பிடி இருக்குமோ? அதுதான் கேக்கிறன். ஒத்துவருமோ வராதோ?”

வீட்டிலேயே நான்கு பேரோடு தண்ணீர் வார்த்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அது நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. வதனியின் மச்சாள், ஆரணிக்கு மாமி, அதைத்தான் சொல்கிறாராம். இந்தப் பிள்ளைக்கு எதற்கு மண்டபம், பிறகு அங்கே விழுந்து கத்தினால் யாருக்கு அவமானம் என்று இனத்தவர் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம்.

“வாறன் எண்டு அவளே சொல்லியிருக்கிறாள், அண்ணை. பிறந்த நாள், கலியாணம், கோயில் எண்டு ஒண்டுக்கும் வராத பிள்ளை. இது பிழைச்சுதெண்டால் பிறகு அவள் வீட்டுப் படியை விட்டு இறங்கமாட்டாள். எனக்கும் திரும்பக் கேக்கத் துணிவு வராது.”

அந்தப் பாட்டின் தலையில் இவ்வளவு பாரம் இருந்தது. அமெரிக்காவில் அதைப் பாடியவருக்குத் தெரிந்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

பாட்டை என் கணினியில் ஏற்றிக்கொண்டு, அன்றிலிருந்து இரண்டு மாதம் அதோடு குடித்தனம் நடத்தினேன். அதற்கு முன் நான் பாட்டுக்களைச் சோதித்தது எப்படி என்றால், முதல் பத்து வினாடி கேட்பேன், பிறகு நடுவில் பத்து வினாடி, பிறகு ‘நல்ல பாட்டு’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். இதை அப்படிச் செய்ய முடியவில்லை. ஒரு கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு ஐந்து வினாடிக்கும் ஒரு வரி.

தொடக்கம் ஒரு கிட்டார் மட்டும். மெதுவாக வருகிறது, கதவைத் தட்டிவிட்டு வரும் விருந்தாளி மாதிரி. பிரச்சினையில்லை. பிறகு பாஞ்சோ என்ற வாத்தியம் சேர்கிறது. தகரத்தில் மழைத்துளி விழுகிற சத்தம், ஆனால் ஒழுங்கான தூறல். அதுவும் பிரச்சினையில்லை. பாடுகிறவருக்குத் தடிமன் போலிருக்கிறது, மூக்காலேயே பாடுகிறார். ஒரு சிவப்புக் குதிரை தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. குரல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. எங்கள் சினிமாப் பாட்டு ஒன்றை இப்படி வரி வரியாகச் சோதித்தால் முப்பதாவது வினாடியிலேயே கொப்பி முடிந்துவிடும். அதோடு பார்த்தால் இது சைவச் சாப்பாடு.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது வினாடி வரும் வரை அப்படித்தான் நினைத்தேன்.

அந்த இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நிற்கின்றன. அடுத்த கணம் அந்த மனிதர், குதிரையைக் கண்டுவிட்டாரோ என்னவோ, “யீ... ஹா!” என்று ஒரு கூக்குரல் போடுகிறார். கூடவே வயலின் ஒன்று கிறீச்சிடுகிறது. நான்கே வினாடி. பிறகு ஒன்றும் நடக்காதது போல் பாட்டுத் தொடர்கிறது. முதல் தடவை கேட்டபோது என் தேநீர் கொப்பியில் கொட்டியது. பத்தாவது தடவையும் தூக்கிவாரிப் போட்டது. எனக்கே இப்படியென்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி என்று பயந்துபோனேன்.

ஆரணி கிழமைக்கு இரண்டு நாள் போகும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ஒலிக்கூச்சம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்த ஒரு பிரெஞ்சு மதாமை வதனி என்னிடம் அனுப்பி வைத்தார். அவருடைய பெயரை நான் கடைசிவரை சரியாக உச்சரித்ததில்லை, ஆகையால் இங்கேயும் எழுதவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த ஒரே வாத்தியார் அவர்தான், இத்தனைக்கும் என்னை விடப் பத்து வயது இளையவர். மூச்சு வாங்க மேலே வந்து, என்னுடைய ஸ்பீக்கர்களைப் பார்த்து ஒரு முகம் சுளித்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“தூரத்தில் வரும் ரயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. சமையலறையில் ஒரு கோப்பை விழுந்து உடைகிறது. எது உங்களை அதிகம் துன்புறுத்தும்?” என்று கேட்டார்.

“கோப்பை” என்றேன்.

“ரயில்தானே பெரிய சத்தம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் எவ்வளவு என்பது பாதிதான், சொல்லாமல் கொள்ளாமல் வருகிறதா என்பது மற்றப் பாதி. இருபது வருடம் கேட்டுத் திரிந்திருந்தாலும் வேறு ஒருவர் இதை எனக்கு இப்படிச் சொல்லித் தந்திருக்கமாட்டார். மதாமுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, இறங்கிப் போய்விட்டார். கற்றுக்கொண்டதை உடனே பிரயோகிக்கவேண்டும் என்ற துடிப்போடு நான் மட்டும் அறையில் இருந்தேன். அரைகுறையாக விளங்கிக்கொண்ட ஒருவன் கையில் கத்தியும் இருந்தால் என்ன செய்வான்?

வெட்டினேன்.

அதற்கு முன் முறைப்படி விசாரித்தேன், அதையும் சொல்லவேண்டும். ஆரணியின் அப்பா சிவநேசன் எங்கள் தெருவிலேயே ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் நின்றார். அவரைப் பின் கதவால் கூப்பிட்டு அந்த நான்கு வினாடியைப் போட்டுக் காட்டினேன். “ஐயோ அண்ணை, நானே பயந்திட்டன். அதை எடுத்துவிடுங்கோ” என்றார் அவர். மச்சாளுக்குப் போன் எடுத்தேன். பாட்டையே எடுத்துவிடச் சொன்னார். பிறகு வழக்கமாக எங்கள் விழாக்களில் அறிவிப்புச் செய்யும் ராஜனைக் கூப்பிட்டு, வெட்டி ஒட்டிய பாட்டைக் கேட்க வைத்தேன்.

“எங்கை அண்ணை வெட்டினனீங்கள்?”

“கண்டுபிடியும் பாப்பம்.”

மூன்று தரம் கேட்டார். “அம்மாணை எனக்குத் தெரியேல்லை!”

நான் எவ்வளவு பூரித்துப்போனேன் என்று கேட்காதீர்கள். வதனிக்கு இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு பிசகும் இல்லாமல் நடந்து முடிந்த பிறகு, சின்ன விசயம் ஒன்று செய்தனான் பிள்ளை என்று அடக்கமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். விழாவன்று தவறிப்போய் மற்றதைப் போட்டுவிடக் கூடாது என்று வெட்டாத பாட்டை என் கணினியிலிருந்து அழித்தும் விட்டேன். பிள்ளைகளே, மூலத்தை ஒருநாளும் அழிக்காதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

மற்ற ஏற்பாடுகளில் நான் விட்ட பிழை ஒன்றும் இல்லை. மேளகாரரிடம் பக்குவமாகப் பேசி, அவரை விருந்தாளியாக மட்டும் வரச் செய்தேன். தேங்காய் உடைப்பது கார் நிறுத்துமிடத்துக்குப் போனது. கைதட்டலுக்குப் பதிலாக இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டவேண்டும் என்று மதாம் சொல்லித் தந்தார். அழைப்பிதழிலேயே அதை அச்சடித்தோம். ராஜனுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. “அறிவிப்பாளன் மெதுவாய்க் கதைக்கிறதெண்டால் அது மௌன விரதமெல்லோ அண்ணை” என்று புலம்பினார். மைக்கை நான் சொன்னால் ஒழியத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஓல்னே-சூ-புவாவில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. முந்நூறு பேரும் வந்திருந்தார்கள். வராமல் விட்டால் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? அத்தனை பேரும் குசுகுசுவென்று பேச முயன்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை. மதாம், வதனியின் சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். கட்டிவிட்டவருக்கு என்ன கோபமோ, அவரால் கதிரையில் சாயவே முடியவில்லை.

வாசல் திறந்தது. ஆரணி நின்றாள். மாம்பழ நிறச் சீலை, தலை நிறையப் பூ. காதுறையைக் காணவில்லை. ஒரு பக்கம் வதனி, பின்னால் விளக்கேந்திய நான்கு தோழிகள். ஆரணி முதல் அடியை எடுத்து வைக்க, நான் பாட்டைத் தொடக்கினேன்.

கிட்டார் வந்தது. ஆரணி நடந்தாள். பாஞ்சோ வந்தது. அதன் தாளத்துக்கு ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். முகத்தில் பயமில்லை, வேலைக்குப் போகும் ஒருவரின் கவனம் மட்டும் இருந்தது. வதனி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆரணி வலது கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவதைக் கண்டேன். பதற்றத்தில் பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

கை மூடியது. பாட்டு அழகாக, வழுக்கிக்கொண்டு, என்னுடைய ஒட்டின் மேலால் ஓடிப்போனது.

முந்நூறு பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆரணிக்குத் தெரிந்தது. நடுவழியில் அப்படியே நின்றாள். மூடிய கை மேலேயே இருந்தது. பிறகு இரண்டு கைகளும் காதுக்குப் போயின. சீலையோடு, பூவோடு, கம்பளத்தின் நடுவில் குந்திவிட்டாள். முனகல் மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரத் தொடங்கியது. நான் பாட்டை நிறுத்தினேன்.

சபையில் முதலில் கேட்டது மச்சாளின் குரல். “நான் அப்பவே சொன்னனான்.” பிறகு அந்த வசனம் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. வதனி மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தொடவில்லை. தொட்டால் கூடிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய முகத்தைப் பார்த்தபோது, இந்த மேசைக்குக் கீழே புகுந்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. அவ்வளவு வெட்கம், அவ்வளவு பயம்.

இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்குத் தோன்றும் முதல் யோசனை எப்போதும் எதையாவது செய் என்பதாகத்தான் இருக்கும். ராஜனின் கை மைக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அமைதியை நிரப்புவதுதான் அவருடைய தொழில். “தொட்டீரெண்டால் தெரியும்” என்றேன். கை திரும்பியது. இன்னொரு மெல்லிய பாட்டைப் போடலாமா? சத்தத்தைக் குறைத்து இதையே தொடரலாமா? என் கை அந்தப் பொத்தான் வரை போய்விட்டது. ஏதோ ஒன்று தடுத்தது. நான் ஒன்றும் செய்யாமல் நிமிர்ந்து பார்த்தேன்.

ஆரணி ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. சத்தம் நொந்தால் சத்தம் வந்த பக்கமல்லவா பார்க்கவேண்டும்? காதைப் பொத்திக்கொண்டு அவள் பார்த்தது என்னைத்தான். அழுகைக்குள்ளும் அது ஒரு கோபப் பார்வை. என்னிடமிருந்து களவு போன சாமான் உன்னிடம்தான் இருக்கிறது, எடு, என்ற பார்வை.

வதனியும் அதைக் கண்டுவிட்டார். எழுந்து நேரே என் மேசைக்கு வந்தார்.

“அண்ணை, பாட்டிலை என்ன செய்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. நாலே நாலு செக்கன்... அந்தக் கத்தலை மட்டும்...”

“வெட்டினனீங்களோ?”

“அவளுக்குத் திடீரெண்டு கேட்டால் கூடாதெண்டு...”

“திடீரெண்டோ? ரெண்டு வருசமாய் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள், அண்ணை! அவளுக்கு அது திடீரோ?”

மதாம் சொன்னதை நான் முழுக்க விளங்கிக்கொண்டது அந்த நிமிடம்தான். கோப்பை உடைவது துன்பம், ஏனென்றால் அது எப்போது உடையும் என்று தெரியாது. அந்த மாட்டுக்காரன் எந்த வினாடியில் கத்துவான் என்று ஆரணியைப் போல் அறிந்தவர் இந்த உலகத்தில் இல்லை. முந்நூறு பேருக்கு நடுவில் அவள் விரல் விட்டு எண்ணி நடந்து வந்தது அந்த ஒரு கூக்குரலைச் சந்திக்கத்தான். அதைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு நன்மை செய்ததாக நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் அன்று நடந்த ஒரே எதிர்பாராத விசயம் என்னுடைய திறமை.

“மற்றப் பாட்டைப் போடுங்கோ” என்றார் வதனி.

“அதை அழிச்சுப் போட்டன்.”

வதனி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. கைப்பையைத் திறந்து அந்தப் பழைய கைத்தொலைபேசியை எடுத்து என் கையில் வைத்தார்.

வயரைச் செருகிவிட்டேன். ஆனால் பொத்தானை அமத்தக் கை வரவில்லை. சிறிய போனில் பழகிய அந்தக் கூக்குரல் இந்தப் பெரிய மண்டபத்தில் எப்படி விழும்? வதனி முதல் நாள் கேட்ட அதே கேள்வி, இரண்டு மாதமும் ஒரு கொப்பியும் முடிந்த பிறகும் என்னிடம் விடையில்லை. முன் வரிசையில் இருந்த மதாமைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். படித்தவர்களிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான், தெரியாவிட்டால் தெரியாது என்பார்கள். சத்தத்தைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், குறைத்தேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை. முதலிலிருந்து போட்டேன்.

கிட்டாரின் முதல் தட்டு விழுந்ததும் முனகல் நின்றது. ஆரணி காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள். எழுந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் மேடைப் பக்கம் போவாள் என்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் திரும்பி வாசலை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள். வதனிக்கு நம்பிக்கை போய்விட்டது. போய்விட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். வாசலில் போய் நின்று, சீலையைச் சரிசெய்து, மறுபடி எங்கள் பக்கம் திரும்பினாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கினால் நடையும் முதலிலிருந்துதானே தொடங்கவேண்டும்? விளக்கேந்திய நான்கு தோழிகளும் விளக்கு அணையாமல் பின்னால் ஓடியதைப் பார்க்கவேண்டும். வீடியோக்காரர் தன் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வதனி எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

இந்த முறை அவளுடைய கை உயர்ந்தபோது மண்டபம் முழுவதும் அதைக் கவனித்தது. நடுவழிக்கு வந்துவிட்டாள். ஐந்து. முன் வரிசையில் பேச்சு நின்றது. நான்கு. பின் வரிசையும் நின்றது. மூன்று. ஏதோ வரப்போகிறது என்று முந்நூறு பேருக்கும் விளங்கிவிட்டது, என்ன என்றுதான் தெரியாது. இரண்டு. ராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்று.

“யீ... ஹா!”

மச்சாள் கதிரையிலிருந்து ஒரு சாண் எழும்பி இருந்தார். எங்கேயோ ஒரு குழந்தை வீரிட்டது. மேளகாரர் “முருகா” என்றார். ஆரணி சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதைப் பொத்தாமல் சிரித்தாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்ட பெரிய சத்தம் அதுதான். என்னுடைய எந்தப் பெட்டியிலிருந்தும் அது வரவில்லை. முந்நூறு பேரும் கைகளைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். கொஞ்சம் பிந்தி மச்சாளும் ஆட்டினார். வதனி மகளுக்குப் பின்னால் நின்று, கண்ணீரைத் துடைக்க மறந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டேயிருந்தார். நான் மேசைக்குக் கீழே வயர் தேடுவது போல் குனிந்து நன்றாக அழுதேன்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு, நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முன்னால் மாம்பழ நிறம் தெரிந்தது. ஆரணி நின்றாள். பக்கத்தில் வதனி.

“அண்ணை, இவள் உங்களுக்கு ஏதோ சொல்லவேணுமாம். நான் கூட்டிக்கொண்டு வரேல்லை, அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள்.”

ஆரணி என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் தொலைபேசியை எடுத்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புள்ளி வாசிப்பது போல், பிரெஞ்சில் சொன்னாள்.

“ஓன்ஸ் சூர் வேன்.”

இருபதுக்குப் பதினொன்று. பிறத்தியான் ஒருவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை. வதனியின் கை வாய்க்குப் போய்விட்டது.

“பாட்டுக்கோ?” என்று நானும் பிரெஞ்சிலேயே கேட்டேன்.

“பாட்டுக்கு இருபது. உங்களுக்குப் பதினொன்று.”

இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் ரிப்போர்ட். சும்மா விடுவேனா? “மிச்சம் ஒன்பது எங்கே போனது?” என்றேன்.

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு கணக்குச் சொன்னாள். “முதல் தரம் நான் காலெடுத்து வைத்த பிறகுதான் பாட்டு வந்தது. அதற்கு ஒன்று. வெட்டியதற்கு மூன்று.”

“அப்போதும் ஐந்து மிச்சம் இருக்கிறதே?”

ஆரணி விரல்களை மடக்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாவைக் கேட்டீர்கள். மாமியைக் கேட்டீர்கள். மதாமைக் கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை.”